எடைமேடை

களியக்காவிளையில் பஸ்
அரை நிமிஷம் கூடுதலாய் நிற்கும்.
அந்த அரை நிமிஷத்தில்தான் எல்லாம்.
ஜன்னலுக்கு நேரே லாரி எடைமேடை,
கண்ணாடிக் கூண்டுக்குள் ஷிஜு ஞானதாஸ்,
மரச்சீனி லாரிக்குச் சீட்டு எழுதிக்கொண்டு.
தலை நிமிர்ந்தால் எனக்கு ஒரு நாள் விடியும்.
நிமிராவிட்டால்
பாறசாலை லேபில் பகல் முழுக்க
யார் யாருடைய ரத்தத்தையோ
தப்பாமல் வகை பிரித்து எழுதிவிட்டு
என்னுடையது எந்த வகை என்று தெரியாமல் திரும்புவேன்.

மூன்று மாதமாய் ஜெபிக்கிறேன்.
ஆண்டவரே, உமது சித்தம், என்பேன்.
ஆமென் சொல்லுமுன்
கை தலையணைக்கடியில் போனைத் தேடும்.
கடைசியாய் அவன் வந்துபோன நேரம்:
பதினொன்று பத்து.
ஆமென்.

வாலிபர் முகாமுக்கு வந்த பிரசங்கியார்
ஒரு துண்டு செலோடேப்பை
நான்கு பையன்களின் கையில் ஒட்டி ஒட்டிப் பிய்த்தார்.
ரோமமும் அழுக்குமாய் அதைத் தூக்கிக் காட்டி,
இனி இது எதில் ஒட்டும்,
சொல்லுங்க தங்கச்சிகளே, என்றார்.
தம்பிகளைக் கேட்கவில்லை.
பின்வரிசையில் ரெஜிலின் அழுதாள்.
அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.
இப்போது சொல்கிறேன்:
என்னைச் செய்தவர் மண்ணை எடுத்தார், மூச்சை ஊதினார்.
பசை தடவினதாய் நான் எங்கேயும் வாசிக்கவில்லை.

ஆனாலும் பயம் இருக்கிறது,
முகாமில் தந்த பயம் அல்ல, வேறொன்று.
அவன் நிமிர்ந்து பார்க்கும் ஒரு நொடிக்காக
எதற்கு வேண்டுமானாலும்
சித்தம் என்று பெயர் வைத்துவிடுவேன் என்ற பயம்.
கர்த்தருக்குப் போட்ட நாற்காலியில்
அவனை உட்கார்த்திவிடுவேன்.
பாவம், அவனுக்கு அதில்
கால் தரை எட்டாது.

அதனால் அடையாளம் கேட்டேன்.
முன்னே ஒருவன் ஆட்டுத்தோலைக் களத்தில் விரித்தானாம்.
எங்கள் வீட்டில் ஆடு இல்லை.
கொடியில் காய்ந்த ரப்பர் ஷீட்டில் ஒன்றை உருவி
முற்றத்து சிமெண்டில் விரித்தேன்.
ஷீட் நனைந்து தரை காய்ந்திருந்தால் பேசுகிறேன்.
தரை நனைந்து ஷீட் காய்ந்திருந்தால்
நாளை முதல் பஸ்ஸில் மறுபக்கம் உட்காருகிறேன்.

இரண்டு மணிக்கு மழை.
ஷீட், தரை, கொடி, கோழிக்கூடு,
அடுத்த வீட்டு மயினியின் நைட்டி,
எல்லாம் ஒன்றுபோல் நனைந்தன.
"ஷீட்ட ஆரு வெளிய போட்டது?
கிலோவுக்குப் பத்து ரூவா போச்சே, பாவிகளா!"
அம்மா கத்தக் கத்த எனக்குச் சிரிப்பு.
உனக்கு வாய் எதுக்கு என்று
பரலோகம் இத்தனை தெளிவாய்
என்னைக் கேட்டதே இல்லை.

களியக்காவிளையில் இறங்கினேன்.
அவன் கூண்டைவிட்டு வெளியே வந்தான், கையில் பேனாவோடு.
தேடி வந்தது நான்,
தொண்டை அடைத்ததும் எனக்கே.
ஷீட் கதையை ஒன்று விடாமல் சொன்னேன்.
பேனா மூடியைத் திருகித் திருகி நின்றான்.
"நானும் செபிச்சேன். ஆனா அது செபமா,
சும்மா ஒம் பேர சொல்லிட்டு இருந்தனா,
எனக்குத் தெரியல்ல."
பிறகு, லாரிச் சீட்டைப் பார்த்துக்கொண்டே:
"பைய போவோம். வீட்டுல சொல்லிட்டுப் போவோம்.
பிடிக்காமப் போனா
அதையும் நேருல சொல்லுவோம்."

மேடையில் லாரி இல்லை. ஏறிப் பாரு என்றான்.
இரும்புத் தட்டில் இரண்டு பேரும் நின்றோம்,
நடுவில் ஒரு லாரி அகலம்.
சிவப்பில் விழுந்தது: நூற்றிருபது.
"இருபது இருபதாத்தான் காட்டும்.
உள்ள உள்ள சில்லறை இதுக்குத் தெரியாது."

அதில் அவன் எத்தனை, நான் எத்தனை,
டிபன் பாக்ஸ் எத்தனை,
நேற்று ராத்திரி மழை எத்தனை.
சில்லறையை அறிந்தவர்
ஒன்றும் சொல்லவில்லை.

பலாக்காய் லாரி பின்னாலிருந்து ஹாரன் அடித்தது.
நான் முதலில் இறங்கினேன்.
சாயங்காலம் போய்
பூஞ்சை பிடிக்குமுன் ஷீட்டைத் துடைக்க வேண்டும்.
ஒரு முனையை அம்மா பிடிப்பாள்.
அப்போது சொல்லிவிடலாம்.